வெங்காயம் உரித்த வருஷம்

போன மாதம் மதுரைக்குப் போகும் எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கடம்பூரில் எங்கள் வண்டி நிற்கவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் பாசஞ்சர் ஒதுங்கி நின்றது. அதன் பெண்கள் பெட்டியில் ஒருத்தி மடியில் துண்டை விரித்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டி தடதடவென்று கடக்கும்போது தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். போங்க, போங்க, ஒங்களுக்காகத்தான் இங்கன கெடையாக் கெடக்கோம் என்கிற பார்வை. நாம் இரண்டு பேரும் எத்தனை எக்ஸ்பிரஸ்களை அப்படிப் பார்த்திருப்போம்.

பெட்டிக்குள் வெங்காய வாசனை வந்தது. வந்திருக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் வந்தது, கண்ணும் கரித்தது. எதிரில் இருந்த பெரியவர் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டு ஜன்னலை இறக்கிவிட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று நீ போன நாளிலிருந்து நினைக்கிறேன். முதலில் மனசு ஆறட்டும் என்றேன். பிறகு ஆடி கழியட்டும் என்றேன். பிறகு தீபாவளி. பழைய நோய் திரும்பிவிட்டதா உனக்கு என்று நீ கேட்பது காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. திரும்பித்தான் இருந்தது. அந்த நோய் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் உன்னிடமே சொல்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

நாம் சேர்ந்து போய்வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். எனக்கு மணியாச்சியில் தபாலாபீஸ் வேலை. உனக்கு அதே ஊரில் நர்ஸ் வேலை. காலையில் கோவில்பட்டியில் பாசஞ்சரைப் பிடித்தால் சாயங்காலம் அதே தடத்தில் திரும்பி வருவோம். அந்தப் பெண்கள் பெட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் போட்டதென்று யாருக்கும் தெரியாது. சும்மா இருக்கிற கைக்கு அங்கே இடமில்லை. டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துவார். பாங்கில் வேலை பார்த்த பெண் ஒயர்கூடை பின்னுவாள். நீ காலையில் பிச்சிப்பூ கட்டுவாய், சாயங்காலம் ராத்திரிக் குழம்புக்குக் காய் நறுக்குவாய். கையில் வேலை இல்லாமல் ஏறுகிறவள் மடியில் யாராவது ஒருத்தி கேட்காமலே வெங்காயத்தையோ மொச்சைக்காயையோ கொட்டுவாள். அவளும் எதுவும் கேட்காமல் உரிப்பாள். வண்டி திரும்பக் கோவில்பட்டிக்கு வரும்போது எல்லார் வீட்டுச் சமையலும் பாதி முடிந்திருக்கும்.

நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று என் வீட்டுக்காரருக்கு முன்னால் அறிந்தவள் நீ. வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னேன். நீ சிரிக்கவில்லை. பஞ்சாலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை என்று சொன்னபோது, எங்கம்மா கதையும் அதில் வரட்டுமே என்று கேட்டாய். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதையைச் சொன்னாய். உன் அப்பா இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதும், அது தெரிந்த அன்றே உன் அம்மா கைக்குழந்தையான உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கியதும். ஐப்பசி மழை. கரிசல் மண் காலில் அப்பி அப்பி, ஒவ்வொரு காலும் அம்மிக்கல் எடைக்கு வந்துவிடும். நின்று குச்சியால் மண்ணை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி நடப்பார். அப்படி நடந்தே கழுகுமலையில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், மறுநாளே தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனார். யாரிடமும் அழவில்லை, யாரையும் திட்டவில்லை.

அதை நான் ஒரு முழு அத்தியாயமாக எழுதினேன். உன்னிடம் படித்துக் காட்டினேன். நீ பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாய். கட்டிய சரம் அவிழ்ந்து பாதிப்பூ பெட்டித் தரையில் கிடந்தது. அன்று சாயங்காலமே கழுகுமலைக்குப் போய் உங்கம்மாவிடம், உன் கதை புத்தகத்தில் வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வந்தாய்.

பிறகுதான் மதுரை நடந்தது.

பதிப்பாளர் என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார். பழைய காலத்து மனிதர். நாவலைப் போடுகிறேன் என்று சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடவே திருத்தங்களையும் சொன்னார். தொடக்கம் இழுக்கிறது, சித்தப்பா பெரியப்பாக்கள் கூட்டம் அதிகம், கடைசிப் பகுதியில் அவசரம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகத்தான் மழை அத்தியாயத்துக்கு வந்தார்.

"இருக்கறதுலயே நல்லா எழுதியிருக்கறது இதாம்மா. ஆனா இது இந்த நாவலோடது இல்லை. இது வந்ததும் உங்க பஞ்சாலைப் பொண்ணை எல்லாரும் மறந்துர்றோம். எடுத்துருங்க, கதை தானா நடக்கும்."

திரும்பி வரும் வண்டியில் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்பது விருதுநகர் வருவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அதுதான் கஷ்டமே. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் நீ மேலே விழாத குறையாக விசாரித்தாய். போடுகிறார்களாம் என்றேன். பெட்டி முழுக்கச் சந்தோஷம். கொஞ்சம் திருத்தணுமாம் என்றேன். எது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அந்த வருஷம் நான் திருத்தாமல் இருப்பதற்குக் கண்டுபிடித்த காரணங்களை எல்லாம் சேர்த்தால் அதுவே ஒரு நாவலுக்கு வரும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். பேனா கசிகிறது என்றேன். ஆடி மாதம் நம் ஊர்க் காற்றில் அம்மியே பறக்கும், என் தாள் எம்மாத்திரம் என்றேன். புரட்டாசி என்றால் வீட்டில் விரதம். ஐப்பசி என்றால் தீபாவளி. பையில் கையெழுத்துப் பிரதி தினமும் மணியாச்சிக்குப் போய் தினமும் திரும்பி வந்தது. அதற்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்திருக்கலாம். கை சும்மா இருந்ததால் மடியில் வெங்காயம் விழுந்தது. நான் உரித்தேன். டீச்சர் வீட்டு வெங்காயம், பாங்குக்காரி வீட்டு வெங்காயம், உன் வீட்டு வெங்காயம். அந்த வருஷம் நான் உரித்ததில் ஒரு கல்யாண வீட்டுக்கே சாம்பார் வைத்திருக்கலாம். எழுத வேண்டியவள் உரித்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு கேவலமான நிம்மதியும் இருந்தது. உரிக்கிற கை எழுத முடியாதல்லவா.

நீதான் விடவில்லை. நர்ஸ் புத்தி. மருந்து குடிக்காத பிள்ளையை மடக்குகிற மாதிரி மடக்கினாய். ஒருநாள், வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது என்று சொன்னேன். வசமாக மாட்டிக்கொண்டேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஏட்டி, கடம்பூர்ல கிராஸிங்குக்கு வண்டி நிக்கும்லா? அப்ப ஆடாதுல்லா? அப்ப எழுது."

மறுநாளிலிருந்து அது பெட்டியின் இரண்டாவது சட்டமானது. கடம்பூரில் பாசஞ்சர் ஒதுங்கி நின்றதும் நீ கையைத் தூக்குவாய். பேச்சு நின்றுவிடும். போளி விற்க வருகிறவரை எங்கள் ஜன்னல் பக்கம் கூவக் கூடாது என்று சொல்லி வைத்தாய். அவரும் பாவம், எங்களைத் தாண்டும் வரை வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த ஜன்னலில் போய் இரட்டிப்பாகக் கூவுவார். எக்ஸ்பிரஸ் கடந்து, சிக்னல் விழுந்து, நம் வண்டி குலுங்கிப் புறப்படும் வரை நான் எழுத வேண்டும். சில நாள் ஒரு பக்கம் ஆகும். சில நாள் நாலு வரி. எக்ஸ்பிரஸ் தாமதமானால் மற்ற பெண்கள் எல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சபிப்பார்கள். நீ மட்டும், நல்லது, இன்னும் கொஞ்சம் ஓட்டு என்பாய்.

தொடக்கம் சரியானது. சித்தப்பா பெரியப்பாக்கள் ஒவ்வொருவராக ஊரைக் காலி செய்தார்கள். எழுத எழுத எனக்கே ஆசை வந்தது, அதையும் சொல்ல வேண்டும். திருத்துவது என்றால் அடி வாங்குவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வீட்டை ஒழித்து வைத்த பிறகு நடக்க இடம் கிடைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் மழை அத்தியாயம் வந்ததும் அதைத் தாண்டிப் போய் அடுத்ததில் கை வைத்தேன். அதையும் நீ கவனித்துவிட்டாய். அந்தக் கட்டு மட்டும் ஏன் கைபடாமல் கிடக்கிறது என்று கேட்டாய்.

அதில் திருத்த எதுவும் இல்லை, நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னேன். பாதி உண்மைதான். பதிப்பாளரும் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்.

உன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டுமே நீ. எழுந்து நின்று பெட்டிக்கே அறிவித்தாய்.

"கேட்டீங்களா டீச்சர்? எங்கம்மா கதைல மட்டும் திருத்தமே கிடையாதாம்."

டீச்சர் கைதட்டினார். நான் குனிந்து வெங்காயம் உரித்தேன்.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஒரு கட்டுதான் பாக்கி. அது இருந்தால் நாவல் நொண்டும், எடுத்தால் நீ என்ன ஆவாய் என்று தெரியாது. பதிப்பாளர் தபாலாபீஸுக்கே போன் செய்தார். சித்திரை பிறப்பதற்குள் வராவிட்டால் வேறொருவர் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார். நாவல் போய்விடும் என்பது நிஜமாகவே பயமாக இருந்தது. உன்னிடம் சொல்வது அதைவிடப் பயமாக இருந்தது. சினேகிதம் போனால் எனக்கு அந்த ரயில் போய்விடும், காலை போய்விடும், சாயங்காலம் போய்விடும். நாவல் எழுத வந்தவளுக்கு நாவலா சினேகிதியா என்று கேள்வி வந்தால் எப்படி இருக்கும். இரண்டும் வேண்டும் என்றுதான் இருந்தது. அதனால் இரண்டையும் விட்டுவிட்டு மொச்சைக்காய் உரித்தேன்.

பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்கு வா என்று நீ கூப்பிட்டாய். அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றாய். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம், அவ்வளவு கூட்டம். வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். நான் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கயத்தாறு ரோடு பிரியும் இடத்தில் வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டேன்.

உங்கம்மா வெல்லம் கரைத்த பானக்காரம் கொடுத்தார். குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனி எல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்த கை. நீ தேர் வடம் பிடித்துவிட்டு வருகிறேன் என்று தெருப் பெண்களோடு கிளம்பிப் போனாய். வாசல் வரை போய் நீ தெரு திரும்புகிறாயா என்று பார்த்துவிட்டு உங்கம்மா உள்ளே வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"தாயி, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது. எங்கதைய புஸ்தகத்துல போடுதியாம்லா? அத எடுத்துர முடியுமா?"

எனக்குப் புரையேறிவிட்டது. அவரே தலையில் தட்டினார். தட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்த மனுசன் போய்ச் சேந்துட்டாரு. அந்த வீட்டுப் பிள்ளைக நல்ல நாளு பொல்ல நாளுன்னா பெரியம்மான்னு வாசல்ல வந்து நிக்குதாவ. இன்னைக்குக்கூடச் சாப்பிட வருவாவ. அதுகளுக்கு வாசிக்கத் தெரியும் தாயி."

அப்புறம் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய். அந்தச் சந்தோஷத்தில் எப்படி மண்ணள்ளிப் போடுவது. தையில் சொல்லலாம் என்று இருந்தாராம். தை போய்விட்டது. சிவராத்திரிக்கு நீ வந்தபோது சொல்லலாம் என்று இருந்தாராம். நீ வந்த வேகத்தில் அன்றைக்கும் முடியவில்லை.

நான் அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மதுரையில் நடந்ததைச் சொன்னேன். நானும் அதையேதான் ஒரு வருஷமாகச் சொல்ல முடியாமல் கிடக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உன் ஒருத்தி முகத்துக்குப் பயந்து, அந்த மழையையே தாண்டி வந்த ஒரு பொம்பளையும் நாவல் எழுதின ஒரு பொம்பளையும் மாதக்கணக்காக நாள் தள்ளியிருக்கிறோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரித்துச் சிரித்து உங்கம்மாவுக்கு இருமலே வந்துவிட்டது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனது போல் இருந்தது எனக்கு. அவ்வளவு லேசாக நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

நீ நெற்றி நிறைய விபூதியோடு உள்ளே வந்து, என்ன இரண்டு பேரும் கொண்டாட்டம் என்று கேட்டாய். உங்கம்மாதான் சொன்னார். நேராகச் சொன்னார். நானும் மீதியைச் சொன்னேன். நீ போய் இலைகளை எடுத்துப் போட்டாய். எல்லாருக்கும் சோறு பரிமாறினாய். உன் அப்பாவின் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்கும் பரிமாறினாய். பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாய், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, போறேன் என்று மட்டும் சொன்னாய். நம் பக்கத்தில் யாரும் போகும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள். வாரேன் என்பார்கள்.

மறுநாள் காலையில் என் மடியில் யாரும் எதையும் கொட்டவில்லை. பெட்டிக்கே எப்படியோ வாடை அடித்திருந்தது. டீச்சர் தாள்களுக்குள் தலையை விட்டுக்கொண்டார். கடம்பூரில் வண்டி ஒதுங்கி நின்றது. நீ கையைத் தூக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள், பழக்கதோஷம்.

"அத வாசி," என்றாய்.

வாசித்தேன். அன்றைக்கு எக்ஸ்பிரஸ் நன்றாகத் தாமதம். மழை, மண், குச்சி, இடுப்புக் குழந்தை, எல்லாம் வாசித்து முடித்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பஞ்சாலைப் பெண் பேர் என்ன என்று கேட்டாய். சொன்னேன்.

"பாரு, எனக்கே அவ பேரு மறந்து போச்சு. உங்க மதுரைக்காரர் சரியாத்தான் சொல்லிருக்காரு."

அப்படியென்றால் கோபம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றாய். எடுப்பதற்காகக் கோபம் இல்லை.

"நான் கோவிச்சுக்கிடுவேன்னு நெனச்சியேட்டி, அதுக்குத்தான் கோவம். இதச் சொல்லுததுக்கா ஒரு வருசமா வெங்காயம் உரிச்ச?"

பெட்டியே சிரித்தது. நீயும் சிரித்தாய், கொஞ்சம் தாமதமாக. நான் அழுதேன். வெங்காயமே இல்லாமல் அழுகிறாள் பார் என்று பாங்குக்காரி சொன்னாள்.

எடுத்த தாள்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்பக்கம் எல்லாம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்துவிட்டோம். நீயே எடுத்து அடுக்கிக் கொடுத்தாய். அந்த வாரமே நாவல் மதுரைக்குப் போனது.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை உங்கம்மாவிடம் கொண்டுபோனோம். நீ பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினாய். முடிந்ததும் அவர் என்ன சொன்னார் என்று நீ வந்து சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பிள்ளை ஒரு மழையிலாவது நடந்திருக்கலாம் என்றாராம்.

அதற்குப் பிறகு எனக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. பல வருஷம் கழித்து உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. நர்ஸுக்குத் தன் உடம்பைப் பார்க்க நேரம் இருக்காது என்பதை எல்லாரும் பிறகு சொன்னார்கள். பார்க்க வந்த என்னிடம், அடுத்த புத்தகம் எங்கே நிற்கிறது என்றுதான் கேட்டாய். வாரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது நீ இல்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு உங்கம்மா என்னைக் கூப்பிட்டார். அழுது ஓய்ந்த முகம். அந்த மழைக்கதையை எழுதிக் கொடு தாயி என்றார். எனக்குப் புரியவில்லை. உங்கள் வாசலுக்கு வருகிற பிள்ளைகள் என்று இழுத்தேன்.

"யாரு என்ன நெனச்சா எனக்கென்ன. எம்பிள்ள அதுல இருக்கால்லா. இடுப்புல இருக்கா."

சரி என்றேன். பழைய தாள் எப்போதோ கணக்குப் போட்டுக் கிழிந்து போயிருக்கும். புதிதாகத்தான் எழுத வேண்டும். எழுத உட்காரவே முடியவில்லை. இந்தத் தடவை எனக்கே காரணம் புரியவில்லை. யாரிடமும் எதையும் மறைக்கவில்லை, யார் கோபத்துக்கும் பயமில்லை. அன்று எக்ஸ்பிரஸில் கண் கரித்துக்கொண்டு போகும்போதுதான் தெரிந்தது. எழுதி முடித்தால் உன்னை இடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். அதுதான் முடியாமல் இருந்தது. எப்போதுமே எனக்குச் சோம்பல் இருந்ததில்லையடி. முகம்தான். ஒரு முகத்துக்குப் பயம், இல்லாவிட்டால் ஒரு முகத்தை விட மனசில்லை. இப்போது எழுத்து எங்கே நின்றாலும் பேனாவையும் கண்ணாடியையும் குறை சொல்வதில்லை. இது யார் முகம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது அது.

தெரிந்ததும் எழுத வந்தது. சாத்தூர் தாண்டுவதற்குள் தொடங்கிவிட்டேன், ஆடுகிற வண்டியிலேயே. எழுத்து கோணலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து இருந்து எழுதி முடித்தேன். நேற்று கழுகுமலைக்குப் போனேன்.

உங்கம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மழை வந்தது, மண் அப்பியது, குச்சியால் வழித்துப் போட்டார். இடுப்பில் இருந்த குழந்தை குளிரில் அழுதுகொண்டே வந்தது என்று நான் எழுதியிருந்தேன். அங்கே கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அவ அழல தாயி. எம்மூஞ்சில வழிஞ்ச மழத்தண்ணிய தொடச்சு விட்டுக்கிட்டே வந்தா. நான் அழுதேன்னு நெனச்சா போல."

உனக்கு இது தெரியாது. உன்னிடம் அவர் சொன்னதே இல்லையாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது. பைக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியை அடித்துவிட்டு, அழாத உன்னை எழுதினேன்.